ஜெயித்த வழக்குகள் மட்டும்

நான் செய்த ஈன வேலையை நானே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொன்னால் பாவம் பார்த்துக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

என் பெயர் கமலக்கண்ணன். திண்டுக்கல்லில் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் ஜாப் டைப்பிங் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மனு, பத்திரம், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அடித்துத் தருவேன். அடித்துத் தருவதோடு நிறுத்தியிருந்தால் மரியாதையாகப் பிழைத்திருப்பேன். ஆனால் எனக்கு எழுத்து வரும் என்று கோர்ட் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான். செத்தவரைப் பற்றி நாலு வரி கேட்டால் எட்டு வரி எழுதிக் கொடுப்பேன். ஊரை அடித்து உலையில் போட்டவனைக்கூட ‘கொடை வள்ளல்’ ஆக்கியிருக்கிறேன். ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. போஸ்டர் நாலு நாளில் மழையில் நனைந்து கிழியும், பொய்யும் அதோடு போய்விடும் என்று இருந்தேன்.

போன வருஷம் தை மாதம் வக்கீல் அழகர்சாமிக்கு மணிவிழா வந்தது. முப்பத்தைந்து வருஷமாகக் கோர்ட்டுக்குப் போய்வருகிறவர். கறுப்புக் கோட்டு போட்டிருந்தாலும் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. அரசியலிலும் இருந்தார். நாலு தேர்தலில் நின்று ஒன்றில் ஜெயித்து, தொண்ணூற்றாறில் ஒரு பேரூராட்சிக்கு ஐந்து வருஷம் தலைவராக இருந்தவர். அவர் மகன் பழனிக்குமார் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவன் போனில் என்னைப் பிடித்தான். மணிவிழாவில் வெளியிட அறுபது பக்கத்தில் ஒரு மலர் வேண்டும், நடுவில் அப்பாவின் வாழ்க்கை வரலாறு வர வேண்டும், அது கெத்தாக இருக்க வேண்டும் என்றான். கெத்துக்கு நான் பொறுப்பு என்றேன்.

மறுநாளே நோட்டும் பேனாவுமாக நாகல்நகரில் இருக்கும் வக்கீலின் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை.

“பொறந்தேன், படிச்சேன், கோட்டு மாட்டுனேன். வேற என்னத்தத் தம்பி சொல்ல?”

“அரசியல் வாழ்க்கை சார்?”

“நாலு தடவ நின்னேன். மூணு தடவ ஊரு தப்பிச்சுச்சு.”

சிரித்தேன். நோட்டில் எழுத ஒன்றும் இல்லை. முக்கியமான வழக்கு ஏதாவது சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மேஜை மேல் இருந்த கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அங்கம்மாள்னு ஒரு பொம்பள. சாணார்பட்டிக்கு அங்கிட்டு ஒரு கல்குவாரியில கொத்தடிமையாக் கெடந்துச்சு, பிள்ளைகளோட. தொண்ணூத்தாறுல எங்கிட்ட வந்துச்சு. எங்களைய விடுவிச்சுக் குடுங்கய்யான்னு...”

“ஜெயிச்சதா சார்?”

“இல்ல தம்பி. அதச் சொல்லணும்னுதான் ரொம்ப நாளா...”

“தோத்த கேசு வேணாம் சார். மலருக்கு ஜெயிச்ச கேசுதான் எடுபடும். வேற யோசிச்சு வைங்க, நான் நாளைக்கு வாரேன்.”

வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அதைப் பார்த்தேன். பார்த்தும் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகினேன், இரண்டு மணிக்குள் தாக்கலாக வேண்டிய ஒரு மனுவை நான் அடிக்க வேண்டியிருந்தது. ஒரு மனுஷன் இருபத்தெட்டு வருஷம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்ல வாய் திறக்கிறார், எனக்கு மனு அவசரம். இதை எழுதும்போது என் காதே சுடுகிறது.

மறுநாள் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். அவர் காபி கொடுத்தார். அவ்வளவுதான். விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வாழ்த்துரை, விளம்பரம், குடும்பப் போட்டோ எல்லாம் சேர்த்தும் நடுவில் பன்னிரண்டு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

அப்போதுதான் அறிவுச்செல்வியின் ப்ராஜெக்ட் ஞாபகம் வந்தது. எம்.ஏ. வரலாறு படிக்கிற பெண், ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கையெழுத்தில் கொண்டுவந்ததை நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் வாழ்ந்த எலைஜா தார்ன்பரி என்ற வக்கீலின் பொதுவாழ்வு பற்றிய இருபது பக்கம். அதை அடித்தபோது நான் மனுவை மறந்து உட்கார்ந்திருந்தேன், அது நிஜம்.

மரக்கட்டை வீட்டில் லாடம் அடிப்பவனுக்குப் பிறந்தவர் அந்தத் தார்ன்பரி. சட்டப் புத்தகம் வாங்க வழியில்லை. பதினொரு மைல் நடந்து போய் ஒரு பெரியவரிடம் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கி, படித்து, திருப்பிக் கொடுத்து, அடுத்ததை வாங்கி வந்தாராம். அந்தக் காலத்தில் அங்கே நீதிபதியே குதிரையில் ஊர் ஊராகப் போவார், வக்கீல்கள் பின்னாலேயே போவார்கள். சத்திரத்தில் ஒரு கட்டிலில் இரண்டு வக்கீல்கள் படுத்துக்கொள்வார்கள், பகலில் ஒருவரை ஒருவர் எதிர்த்து வாதாடுவார்கள். இப்படியே பெயரெடுத்து மாகாண சட்டசபைக்குப் போனார். கட்சி அடுத்ததாக அவரைத் தலைநகருக்கு அனுப்ப இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓர் அடிமைப் பெண் இரண்டு பிள்ளைகளோடு அவரிடம் வந்தாள். எஜமான் அவளை அடிமை முறை இல்லாத மண்ணுக்குக் கூட்டிவந்துவிட்டான், ஆகவே தனக்கு விடுதலை உண்டு என்பது அவள் வழக்கு. கீழ்க்கோர்ட்டில் தோற்றுப்போனார். வழக்கைக் கைவிட்டால் சீட்டு உறுதி என்று கட்சிக்காரர்கள் வந்து சொன்னார்கள். ‘கட்சி தரும் நாற்காலியைவிட ஒரு தாய் தன் பிள்ளைகளோடு நடந்து போகும் சாலை எனக்குப் பெரிது’ என்று சொல்லிவிட்டு, பனிக்காலத்தில் குதிரையேறி மேல்கோர்ட்டுக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து ஜெயித்தார். சீட்டு போனது. தனியாக நின்று தோற்றார். அதன் பிறகு இருபது வருஷம் அதே சின்ன ஊரில் வேலித் தகராறும் மாட்டுத் தகராறும் பார்த்துச் செத்துப்போனார்.

இந்த மனுஷனை அப்படியே தூக்கி அழகர்சாமி மேல் போர்த்தினேன். மரக்கட்டை வீடு ஓட்டு வீடானது. பதினொரு மைல் நடை, ஓட்டை சைக்கிளானது. குதிரைக்குப் பதில் பாண்டியன் எக்ஸ்பிரஸ், முன்பதிவில்லாப் பெட்டி. பனிக்கு மார்கழி இருக்கவே இருக்கிறது. கட்சி மேலிடம் மிரட்டியது, எம்.எல்.ஏ. சீட்டு பறிபோனது, ஆனாலும் மக்கள் அவரைப் பேரூராட்சித் தலைவராக்கி அழகு பார்த்தார்கள் என்று முடித்தேன். அந்த அடிமைப் பெண்ணின் இடத்தில் அங்கம்மாளைப் போட்டேன். ஊர் சாணார்பட்டி பக்கம், வருஷம் தொண்ணூற்றாறு. முதலில் தோற்றார், சென்னைக்கு ரயிலேறிப் போய்ப் போராடி இரண்டு வருஷம் கழித்து விடுதலை வாங்கிக் கொடுத்தார் என்று எழுதினேன். தோற்றதாக அவரே சொன்னார் அல்லவா, அதுவும் பொருந்திவிட்டது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

பழனிக்குமாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘அங்கிள், அப்பா இதெல்லாம் எங்ககிட்ட சொன்னதே இல்ல. படிச்சு அழுதுட்டேன். அவருக்குக் காட்டாதீங்க, சர்ப்ரைஸ்’ என்று பதில் வந்தது. அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

சின்னாளபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. வக்கீலும் அவர் மனைவியும் மாலையோடு மேடையில் இருந்தார்கள். மலரை வெளியிட்டதும், தொகுத்து வழங்கிய பையன் நேராக முப்பதாம் பக்கத்தைப் பிரித்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். ‘ஒரு தாய் தன் பிள்ளைகளோடு நடந்து போகும் சாலை’ வந்தபோது மண்டபமே கைதட்டியது. வக்கீலின் மனைவி சுங்குடிச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் எழுந்து போய் அப்பா காலில் விழுந்தான். அழகர்சாமி அவனைத் தூக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாதவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“இது யாருக்கு நடந்தது தம்பி?”

“கொஞ்சம் சேர்த்து எழுதுனேன் சார். விழாதான.”

“அந்தப் பேர எதுக்குப் போட்டீக?”

“பேரு, ஊரு இருந்தாத்தான் சார் படிக்கிறவங்க நம்புவாங்க.”

அவர் என்னையே பார்த்தார். அதற்குள் யாரோ சம்பந்தி வீட்டார் வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை. மனுஷன் அடக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு போய் இரண்டாவது தடவை பாயசம் குடித்தேன்.

பதினேழு நாள் கழித்து, கடையில் கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். தலைமுடியில் இரண்டு இடத்தில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது, நூல் மில்லில் ஷிப்ட் முடித்து நேராக வருகிறாள் என்று தெரிந்தது. கையில் ஒரு கட்டைப்பை. போனை என் முன்னால் நீட்டினாள். மலரின் முப்பதாம் பக்கத்தின் போட்டோ.

“அண்ணே, இத எழுதுனது நீங்கதான? பின்னட்டையில இந்தக் கடை பேரு இருக்காம்.”

“நான்தாம்மா. என்ன விஷயம்?”

“இதுல வர்ற அங்கம்மா எங்கம்மாதாண்ணே. நான் முனீஸ்வரி. அப்ப எனக்குப் பத்து வயசு.”

நாற்காலியைக் காட்டினேன். எனக்கு வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. அங்கம்மாள் என்ற பெயரில் உயிரோடு ஓர் அம்மாள் இருப்பார், அவருக்கு மகள் இருப்பாள், மகளிடம் போன் இருக்கும் என்பதெல்லாம் அந்த நிமிஷம்வரை என் புத்தியில் ஏறவே இல்லை.

முனீஸ்வரி உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். அவள் அம்மாவுக்குக் கல்தூசி நெஞ்சில் ஏறி நுரையீரல் கெட்டுவிட்டது. நாலு வருஷமாகக் கட்டிலோடுதான். அந்த வக்கீல் எங்களை விற்றுவிட்டான் என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டே இருப்பாராம். விசாரணைக்குப் போன அன்றைக்கு ஏதோ பேப்பரில் கைநாட்டு வாங்கினான், அதிகாரி அதைப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பக் குவாரிக்கே போகச் சொல்லிவிட்டார், அவன் நாசமாப் போக என்று திட்டாத நாள் இல்லையாம். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் ஜீப்பில் அதிகாரிகள் வந்து அங்கே இருந்த எல்லாரையும் விடுவித்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று இன்றுவரை இவர்களுக்குத் தெரியாது.

“கூட வேலை பாக்குற பிள்ளை ஒருத்தி இந்தப் பக்கத்த அனுப்புனா. அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லுச்சு. அப்புறம் ஒரே அழுகை. ‘ஜீப்பு வந்தது அவுகளாலதானா. எனக்காகச் சீட்டெல்லாம் விட்டுருக்காக. படிக்காத கழுத நான், நல்ல மனுசன இம்புட்டு வருசம் மண்ண வாரித் தூத்துனேனே’ன்னு. பத்து நாளாச் சோறு எறங்கல. மூச்சு வாங்க வாங்கத் தன்னையத் தானே திட்டிக்கிட்டுக் கெடக்கு. நீ போயி எனக்காக அவுக கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வாங்குது.”

கட்டைப்பையைத் திறந்து காட்டினாள். மொச்சை, நாட்டுக்கோழி முட்டை, ஒரு சீப்பு மலைவாழைப்பழம். வக்கீலுக்கு அம்மா கொடுத்துவிட்டது.

“அவுக வீடு எங்கண்ணே இருக்கு?”

அப்போதே சொல்லியிருக்கலாம். அது கதையம்மா, நான் வேறு ஒருவர் வாழ்க்கையிலிருந்து எடுத்து ஒட்டினேன் என்று இரண்டு வாக்கியம். மேல்நாட்டுக்காரரின் வாழ்க்கையையே இரண்டு நாளில் சாணார்பட்டிக்குக் கொண்டுவந்தவனுக்கு இரண்டு வாக்கியம் வரவில்லை. ‘வாங்க, கூட்டிட்டுப் போறேன்’ என்று சொல்லி வண்டியை எடுத்தேன். வக்கீல் சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன். என்னைவிடப் பெரிய மனுஷர், ‘பரவாயில்லம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டால் எல்லாரும் தப்பித்தோம். அப்படித்தான் என் புத்தி போனது.

அழகர்சாமி ஆபீசில் தனியாக இருந்தார். “சார், இவங்க அங்கம்மாளோட பொண்ணு” என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். முனீஸ்வரி பையை மேஜை மேல் வைத்துவிட்டுக் காலில் விழக் குனிந்தாள். அவர் ஒரே எட்டில் மேஜைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

“வேணாம் தாயி. உக்காரு. உக்காரும்மா.”

அவள் அம்மா சொல்லியனுப்பியதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுங்கள் சார் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“உங்கம்மா நெனச்சதுதாம்மா சரி,” என்றார் அழகர்சாமி. “நான் வித்துத்தான் போட்டேன்.”

முனீஸ்வரி புரியாமல் என்னைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை விசாரணை. முந்துன நாளு குவாரிக்காரரு என் வீட்டுக்கு வந்தாரு. உள்ளாட்சித் தேர்தல் வருது, தலைவர் சீட்டு உனக்கு வாங்கித் தாரேன், இத மட்டும் முடிச்சு விடுன்னாரு. மறுநா உங்கம்மா வந்துச்சு. ஒரு பேப்பர நீட்டி, இது விடுதலை மனு, கைநாட்டு வையின்னேன். அதுல என்ன இருந்துச்சுன்னா, ‘நான் சொந்த விருப்பத்துல வேலை பாக்குறேன், எனக்குப் புகார் இல்ல’ன்னு. வச்சுட்டு என்னையக் கும்பிட்டுட்டு உள்ள போச்சு. எனக்குச் சீட்டு கெடச்சது. ஜெயிச்ச ஒரே தேர்தல் அதுதான். ரெண்டு வருசம் கழிச்சு ஜீப்பு வந்ததுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. யாரு மனுப் போட்டாகளோ, அந்தப் புண்ணியவான் யாருன்னே எனக்குத் தெரியாது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். “மேடையிலயே மறுத்திருக்கணும். பேரப்பிள்ளைக முன்வரிசையில இருந்துச்சுக. வாய் வரல” என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ‘அன்றைக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த இவனிடம் இதைத்தான் சொல்ல வந்தேன், இவன் ஜெயித்த கேஸ் கேட்டான்’ என்று அவளிடம் சொல்லியிருந்தால்கூட எனக்கு இத்தனை கேவலமாக இருந்திருக்காது.

முனீஸ்வரி அழவில்லை. மேஜை மேலிருந்த கட்டைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முட்டை உடைந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்ப நீங்க எழுதுனது?”

“தப்புதாம்மா. வேற ஒருத்தர் கதைய எடுத்து...”

“எங்கிட்ட சொல்லி என்ன செய்ய?” என்றாள். குரல் உயரவில்லை. “நானா திட்டுனேன், நானா அழுகுறேன்? அங்க ஒரு உசுரு தன்னையத் தானே அரிச்சுக்கிட்டுக் கெடக்கு. நான் போயி இது பொய்யின்னு சொன்னா எங்கம்மா நம்பாது. அச்சடிச்சு வந்திருக்குல்ல. நீங்க ரெண்டு பேரும் வந்து சொல்லிட்டுப் போங்க. இப்பவே.”

வக்கீல் கார்ச் சாவியை எடுத்தார். நத்தம் சாலையில் அரை மணி நேரம். நடுவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவசர வேலை என்று இறங்கி ஓடிவிடலாமா என்று நான் இரண்டு தடவை யோசித்தேன். பொய் சொல்வதற்கு மட்டும் எனக்கு எப்போதும் பஞ்சமில்லை.

தொகுப்பு வீடு, ஒரே அறை. கட்டிலில் அங்கம்மாள் தலையணையை முட்டுக் கொடுத்துச் சாய்ந்திருந்தார். சுருங்கிய சின்ன உருவம். மூச்சு ஒவ்வொன்றும் வெளியே கேட்டது. வாசலில் அழகர்சாமியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

“மன்னிச்சுருங்கய்யா. அறியாம நெனச்சுட்டேன்.”

நான் இதுவரை பட்ட அவமானங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினாலும் அந்தக் கும்பிடுக்குப் பக்கத்தில் வராது. திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். செருப்பைக் கழற்றியிருந்தால் குனிந்து நிற்கலாம். நான் எழுதிய ஒரு பக்கம் ஒரு மனுஷியைத் தன் கண்ணால் கண்டதையே நம்பவிடாமல் செய்து, தன்னை ஏமாற்றியவனையே கும்பிட வைத்திருக்கிறது. எனக்கு எழுத்து வருமாம்.

அழகர்சாமி உட்காரவில்லை. நின்றபடியே, ஆபீசில் சொன்னதைத் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை வார்த்தை திக்கியது. கைநாட்டு, பேப்பர், சீட்டு, ஜீப்பு ஒன்றையும் விடவில்லை. “உங்களைய ஏமாத்துனேன். நீங்க நெனச்சதுல எந்தத் தப்பும் இல்ல” என்று முடித்தார்.

அங்கம்மாள் தூக்கிய கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“கைநாட்டு வாங்குறப்ப நீங்க எம்மொகத்தப் பாக்கல,” என்றார். “அப்பவே எனக்குத் தெரியும். இத்தன வருசமும் தெரியும். அச்சுல வரவும்தான் நம்ம புத்தி பெசகிருச்சோன்னு நெனச்சுட்டேன். படிச்சவுக எழுதுனா சரியாத்தான இருக்கும்.”

அழகர்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கம்மாள் வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் கண் என் பக்கம் வந்தது.

“எழுதுனவரு நீங்களா தம்பி?”

“ஆமாம்மா.”

“அப்ப அந்தக் கதை சும்மாவா? அப்படி ஒரு வக்கீலே கெடையாதா?”

“இருந்தாரும்மா. அமெரிக்காவுல. எரநூறு வருசம் ஆகப் போகுது. அங்க அப்ப மனுசங்கள மாடு மாதிரி வித்து வாங்குவாங்க. அப்படி ஒரு பொம்பளைக்காக அவரு நெசமாவே வாதாடுனாரு. நெசமாவே சீட்டு போச்சு. அவரு கதைய எடுத்துத்தான் சார் மேல போட்டேன்.”

“அந்தப் பொம்பள வெளிய வந்துட்டாளா?”

“வந்துட்டாங்கம்மா. ரெண்டு பிள்ளைகளோட.”

“அவளாச்சும் வந்தாளே,” என்று அங்கம்மாள் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது, அது எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

“அவ பேரு என்ன?”

யோசித்தேன். அந்த இருபது பக்கத்தையும் எழுத்தெழுத்தாக அடித்தவன் நான். தார்ன்பரியின் அப்பா பெயர் இருந்தது. புத்தகம் இரவல் கொடுத்தவர் பெயர் இருந்தது. கீழ்க்கோர்ட் நீதிபதி, மேல்கோர்ட் நீதிபதி, சீட்டு தர மறுத்தவர், அவரை எதிர்த்து நின்று ஜெயித்தவர், எல்லார் பெயரும் இருந்தது. அவளுக்கு எல்லா இடத்திலும் ‘ஓர் அடிமைப் பெண்’ என்றுதான் இருந்தது. மேரி, ரேச்சல், சாரா என்று மூன்று பெயர் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. எதைச் சொன்னாலும் அந்த அம்மாள் நம்பியிருப்பார்.

“தெரியாதும்மா,” என்றேன். “அதுல அந்தப் பேர எழுதல.”

அங்கம்மாள் மெதுவாகத் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

“அதான் எம்பேர எடுத்துக்கிட்டீகளாக்கும்,” என்றார்.